செல்லாத வெளிநாட்டு நோட்டுகள்: எதை மாற்றலாம், எங்கே மாற்றலாம், எது இனி மாறாது

கேள்வி இதுதான்: "அப்பா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 2010-ல் ஓய்வுபெற்றார், போன வருஷம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் பழைய வெளிநாட்டு நோட்டுகள் இருந்தன. இருபது பவுண்டு ஏழு, நூறு மார்க் மூன்று, கார்ல் மார்க்ஸ் படம் போட்ட நூறு மார்க் ஒன்று, சூரியகாந்திப் பூ போட்ட ஐம்பது கில்டர் இரண்டு, பத்தாயிரம் லிரா நான்கு, ஆயிரம் ஷில்லிங் ஒன்று (அதில் யார் முகம் என்று தெரியவில்லை), குவைத் பத்து தினார் இரண்டு, கப்பல் படம் போட்ட சிங்கப்பூர் ஐம்பது டாலர் இரண்டு. தூத்துக்குடியிலும் சென்னையிலும் மணி சேஞ்சர் கடைகளில் கேட்டேன். எல்லாமே செல்லாது என்கிறார்கள். ஒருவர் மட்டும் மொத்தத்தையும் மூவாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கவரில் இன்றைக்கும் முழு மதிப்புக்கு மாறக்கூடிய நோட்டுகள் மட்டுமே சுமார் நாற்பதாயிரம் ரூபாய்க்கு இருக்கின்றன. சிலவற்றுக்குக் காலம் முடிந்துவிட்டது, அதையும் சொல்கிறேன்.

முதலில் "செல்லாது" என்கிற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் 2016 நவம்பர் 8 ராத்திரிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே நோட்டு செத்துவிட்டது என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. அது நம் நாட்டில் நடந்த விதம். அடுத்த வருஷமே தனியாகச் சட்டம் போட்டு, அந்தப் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு ரிசர்வ் வங்கிக்கு இருந்த பொறுப்பையே முடித்துவிட்டார்கள். பத்து நோட்டுக்கு மேல் கையில் வைத்திருந்தால் அபராதம் என்கிற அளவுக்குப் போனது. எல்லா நாடும் அப்படிச் செய்வதில்லை. பல நாடுகளில் ஒரு நோட்டைத் திரும்பப் பெறுகிறார்கள் என்றால், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு கடைக்காரர் அதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் பொருள். நோட்டை அச்சடித்துக் கொடுத்த மத்திய வங்கியின் கடன் அப்படியே நிற்கும். நோட்டு என்பது அந்த வங்கி கையில் வைத்திருப்பவருக்குக் கொடுத்த கடன் சீட்டு. கடை வாங்காமல் போனதால் கடன் தீர்ந்துவிடாது.

மணி சேஞ்சர் ஏன் வாங்குவதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர் நம்மிடம் வாங்கும் நோட்டை, வெளிநாடு போகும் இன்னொருவருக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக நோட்டு எடுக்கும் நிறுவனத்துக்குத் தள்ள வேண்டும். லண்டனில் டீக்கடையில் கூட எடுபடாத நோட்டை அவர் யார் தலையில் கட்டுவார்? அதனால் அவர் செல்லாது என்று சொல்வது அவர் அளவில் உண்மை. அவருடைய பலகையில் அந்த நோட்டுக்கு விலை கிடையாது, அவ்வளவுதான்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். 2004 வாக்கில் ஒரு அம்மா மஞ்சள் பைக்குள் கைக்குட்டையில் சுற்றி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறத்தில், கிரிம் சகோதரர்கள் இருவர் முகமும் போட்ட ஆயிரம் மார்க் நோட்டு. மடிப்புகூட விழவில்லை. மார்க் போய் யூரோ வந்துவிட்டதே என்று, "இது இப்போ செல்லாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து வேறு வேலையாக வந்தவர், யாரோ ஒரு ஆள் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். அந்த நோட்டு ஜெர்மனியில் 511 யூரோ 29 சென்ட்டுக்கு மாறும் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைய விலையில் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. எனக்கு அன்று தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம்: செல்லாது என்று சொல்வதற்கு முன்னால், வெளியிட்ட வங்கி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் கவருக்கு வருவோம்.

பவுண்டிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் ஊதா நிறத்தில் ஆடம் ஸ்மித்தின் பக்கவாட்டு முகமும், பக்கத்தில் குண்டூசித் தொழிற்சாலையின் சித்திரமும் தெரிகின்றன. 2007-ல் வந்த காகித இருபது பவுண்டு அது. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு பிரிட்டனில் கடையில் செல்லாது. ஐம்பது பவுண்டு காகித நோட்டுக்கும் அதே தேதிதான். ஐந்து பவுண்டு காகிதம் 2017 மே 5-லும், பத்து பவுண்டு காகிதம் 2018 மார்ச் 1-லும் முடிந்தன. இப்போது அங்கே புழங்குவது எல்லாம் பாலிமர், அதாவது வழவழவென்ற பிளாஸ்டிக் மாதிரி நோட்டு. ஆனால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட எந்த நோட்டையும் எந்தக் காலத்திலும் முழு மதிப்புக்கு மாற்றித் தரும். கடைசித் தேதி என்று ஒன்று அவர்களிடம் கிடையாது. நோட்டின் மேலேயே, கேட்டால் இந்தத் தொகையைத் தருவேன் என்று வாக்குக் கொடுத்து அச்சடித்திருக்கிறார்கள், அந்த வாக்கை இன்றும் காப்பாற்றுகிறார்கள். உங்களுடைய ஏழு நோட்டும் 140 பவுண்டு. அதில் ஒரு பென்னி குறையாது.

மாற்றுவதற்கு மூன்று வழி உண்டு. லண்டனில் த்ரெட்நீடில் தெருவில் அவர்களுடைய கவுண்டருக்கு நேராகப் போகலாம். விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்பலாம். பிரிட்டனில் சில குறிப்பிட்ட தபால் நிலையங்களில் அடையாளச் சான்று காட்டி, இரண்டு வருஷத்துக்கு 300 பவுண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கடைசி வழிதான் ரொம்பச் சுலபம். 140 பவுண்டுதான் என்பதால் வரம்புக்குள் அடங்கிவிடும். த்ரெட்நீடில் தெருவுக்குப் போவதென்றால் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கையில் இருக்கட்டும், சனி ஞாயிறு கவுண்டர் கிடையாது, வரிசை நீளமாக இருக்கும் நாட்களும் உண்டு.

பவுண்டில் மூன்று எச்சரிக்கை. ஒன்று, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து வங்கிகள் தனியாக வெளியிடும் நோட்டுகள் உண்டு. அவற்றை மாற்றித்தர வேண்டிய பொறுப்பு அந்தந்த வங்கிக்கு. இரண்டு, ராணி எலிசபெத் படம் போட்ட பாலிமர் நோட்டு செல்லாது என்று சொல்லி யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நம்பாதீர்கள். மன்னர் சார்லஸ் படம் போட்டது 2024 ஜூனில் வந்தது, ராணியின் பாலிமர் நோட்டும் சேர்ந்தே புழங்குகிறது. மூன்று, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டு யாருடைய வீட்டிலாவது கிடந்தால் அதை மாற்றவே மாற்றாதீர்கள். 1961-ல் திரும்பப் பெற்றது. வங்கியில் கொடுத்தால் ஐந்து பவுண்டுதான் தருவார்கள். சேகரிப்பாளர்கள் அதைவிடப் பல மடங்கு தருவார்கள்.

அடுத்து மார்க். ஐரோப்பாவில் யூரோ வந்தபோது ஒவ்வொரு பழைய பணத்துக்கும் ஒரு நிலையான விகிதம் குறித்துவிட்டார்கள். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். அந்த விகிதம் இனி மாறாது, சந்தை விலையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், 1948-லிருந்து வந்த மார்க் நோட்டுகளை, ஏன் சில்லறைக் காசையும்கூட, காலவரையறை இல்லாமல், கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறது. ஜெர்மன்காரர்களே பழைய கோட்டுப் பையிலும் புத்தகத்துக்கு நடுவிலும் மறந்துவிட்ட மார்க் இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. வராமல் வெளியே நிற்பது மட்டும் சுமார் 1,200 கோடி மார்க். உங்கள் அப்பாவுடைய முந்நூறும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

உங்களுடைய மூன்று நோட்டிலும் இருப்பது கிளாரா ஷூமன், பியானோ வாசித்த அம்மா. பின்பக்கம் திருப்பினால் பியானோ படம் இருக்கும். 300 மார்க், அதாவது 153 யூரோ 39 சென்ட். பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் மாதிரி ஊர்களில் புண்டஸ்பாங்க் கிளை இருக்கிறது. நேரில் போக முடியாதவர்களுக்கு மைன்ஸ் ஊர்க் கிளை தபாலில் வாங்கி வங்கிக் கணக்கில் போடுகிறது.

நான்காவது நூறு மார்க், கார்ல் மார்க்ஸ் தாடியோடு இருப்பது, வேறு நாட்டுப் பணம். கிழக்கு ஜெர்மனியுடையது. 1990 ஜூலை 1-ல் அந்தப் பணம் முடிந்துபோனது, அந்தக் கொஞ்ச காலத்துக்குள் மாற்றியவர்களுக்கு மட்டும்தான் வாய்ப்பு. திரும்பி வந்த நோட்டுகளை ஹால்பர்ஸ்டாட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்துக்குள் கொட்டிவைத்து, பிறகு 2002-ல் எடுத்து எரித்தார்கள். உங்கள் அப்பா ராஸ்டாக் துறைமுகப் பக்கம் போயிருந்தால் அங்கே கிடைத்திருக்கலாம். மாற்று மதிப்பு கிடையாது. ஆனால் பார்க்க அழகான நோட்டு, வைத்துக்கொள்ளுங்கள்.

கில்டரும் பிழைத்துவிட்டது. நெதர்லாந்தின் சூரியகாந்தி ஐம்பது கில்டர் நோட்டை 2032 ஜனவரி 1 வரைக்கும் மாற்றலாம். விகிதம் 2.20371, உங்களுடைய நூறு கில்டருக்கு 45 யூரோ 38 சென்ட் வரும். இங்கே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நெதர்லாந்து மத்திய வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு, நேரம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஒரு விஷயம் இங்கே பலர் தவறாக நினைப்பது. எல்லாமே யூரோ நாடுதானே, ஜெர்மனியில் இருக்கும் மச்சானிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றிவிடுவார் என்று. முடியாது. புண்டஸ்பாங்க் மார்க்கை மட்டும்தான் வாங்கும். கில்டருக்கு நெதர்லாந்துதான். அவரவர் கொடுத்த கடனை அவரவர்தான் அடைப்பார்கள்.

ஆஸ்திரியாவின் ஆயிரம் ஷில்லிங்தான் உங்கள் கவரிலேயே முக்கியமாகப் பார்க்க வேண்டிய நோட்டு. அதில் யார் முகம் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரிய மத்திய வங்கி ஷில்லிங்கைக் காலவரையறை இல்லாமல் மாற்றித் தருகிறது, ஆனால் அதில் ஒரு விலக்கு வைத்தது. யூரோ வருவதற்கு முன்பே திரும்பப் பெற்ற இரண்டு நோட்டுக்கு இருபது வருஷக் கெடு கொடுத்தார்கள். ஒன்று, இயற்பியல் விஞ்ஞானி எர்வின் ஷ்ரோடிங்கர் முகம் போட்ட ஆயிரம் ஷில்லிங். மற்றது, கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் முகம் போட்ட ஐந்நூறு ஷில்லிங். அந்தக் கெடு 2018 ஏப்ரல் 20-ல் முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை 72 யூரோ 67 சென்ட் மதிப்பிருந்த நோட்டுக்கு மறுநாள் காலையில் மதிப்பு இல்லை. அதே ஆயிரம் ஷில்லிங், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் முகத்தோடு 1997 தேதியிட்டு வந்தது. அது இன்றைக்கும் என்றைக்கும் 72 யூரோ 67 சென்ட். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரையும், நோட்டில் போட்டிருக்கும் ஆண்டையும் வாசித்துப் பாருங்கள். 1983 என்றால் போய்விட்டது. 1997 என்றால் பத்திரப்படுத்துங்கள்.

லிரா விஷயம் வருத்தமானது. மின்கலம் கண்டுபிடித்த வோல்ட்டாவின் முகம் போட்ட பத்தாயிரம் லிரா நான்கும் சேர்ந்து 20 யூரோ 66 சென்ட் இருந்திருக்கும். இத்தாலியில் 2012 பிப்ரவரி 28 வரை மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். 2011 டிசம்பரில் நாடு கடன் நெருக்கடியில் தத்தளித்தபோது, மோன்ட்டி அரசு ஒரு அவசர ஆணை போட்டு அந்தக் கெடுவை அன்றோடு முடித்துவிட்டது. கடைசி நேரத்தில் போகலாம் என்று வைத்திருந்த ஜனங்கள் அப்படியே நின்றார்கள். அவர்களில் சிலர் வழக்குப் போட்டு, 2015-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பும் சொன்னது. ஆனாலும் நம்மைப் போல அந்த இடைப்பட்ட காலத்தில் மனு எதுவும் கொடுக்காதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. சொல்லிவைத்த கெடுவைக்கூட ஒரு அரசு நடுவில் வெட்டலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதனால்தான் கில்டருக்கு 2032 வரை நேரம் இருக்கிறது என்றாலும் இந்த வருஷமே மாற்றிவிடச் சொல்கிறேன்.

மற்ற வீடுகளில் இருக்கக்கூடிய ஐரோப்பிய நோட்டுகளையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பிராங்க் 2012 பிப்ரவரியிலும், கிரேக்க டிராக்மா அதே வருஷம் மார்ச் தொடக்கத்திலும், ஸ்பெயினின் பெசெட்டா 2021 ஜூன் 30-லும், போர்ச்சுகலின் எஸ்குடோ நோட்டு 2022 பிப்ரவரி 28-லும் முடிந்தன. அயர்லாந்து பவுண்டு, பெல்ஜியம் பிராங்க் நோட்டு, குரோஷியாவின் குனா நோட்டு ஆகியவற்றுக்குக் கெடு கிடையாது. யூரோவிலேயே 2002-ல் வந்த முதல் வரிசை நோட்டு இன்றும் செல்லும். ஐந்நூறு யூரோ நோட்டை 2019-லிருந்து புதிதாக வெளியிடுவதில்லை, ஆனால் அது தன் மதிப்பை இழக்காது.

ஸ்விட்சர்லாந்து கதை லிராவுக்கு நேர் எதிர். அங்கே திரும்பப் பெற்ற நோட்டுக்கு இருபது வருஷம்தான் ஆயுள் என்று சட்டம் இருந்தது. 1976-ல் வந்த ஆறாவது வரிசை நோட்டுகள் 2020 வசந்தத்தில் மதிப்பிழக்க வேண்டியவை. அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2020 ஜனவரி 1 முதல், சட்டத்தைத் திருத்தி அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆறாவது வரிசையும் அதற்குப் பின் வந்த எல்லாமும் பெர்ன், சூரிக் நகரங்களில் உள்ள மத்திய வங்கியில் எப்போதும் மாறும். டென்மார்க் இதற்கு மறுகோடி. 1,000 குரோனர் நோட்டும், 2009-க்கு முந்தைய வரிசை நோட்டுகள் அத்தனையும் 2025 மே 31-க்குப் பிறகு வெறும் காகிதம். மத்திய வங்கியிலும் வாங்க மாட்டார்கள். ஸ்வீடனில் மத்திய வங்கிக்கு விண்ணப்பம் போட்டால் பழைய நோட்டைப் பரிசீலித்து மாற்றித் தருவார்கள், அதற்கு ஒரு கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது குவைத். இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் இரண்டு பத்து தினாரும் ஐந்தாவது வரிசை என்று படத்தில் தெரிகிறது. 2014-ல் ஆறாவது வரிசை வந்த பிறகு, பழையதை மாற்றிக்கொள்ளப் பத்து வருஷம் போல நேரம் கொடுத்திருந்தார்கள். அது 2025 ஏப்ரல் 18-ல் முடிந்துவிட்டது. இருபது தினார் என்பது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீடுகளில் இந்த மாதிரி இன்னும் எத்தனை கவர் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊருக்கு வரும்போது ஞாபகத்துக்கு என்று ஒரு நோட்டை அலமாரியில் வைத்திருப்பார்கள். ஓமான் பழைய வரிசைகள் பலவற்றை 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. கத்தார் நான்காவது வரிசையை 2021 கடைசியில் நிறுத்தியது. வளைகுடாவில் இருந்து வந்தவர் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். சில ஐரோப்பிய நாடுகளைப் போல எல்லாக் காலத்துக்கும் என்று அங்கே வாக்கு இல்லை.

குவைத்தில் இன்னொரு பழைய சங்கதியும் உண்டு. 1990-ல் ஈராக் படையெடுத்தபோது மத்திய வங்கியிலிருந்து நோட்டுக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். விடுதலைக்குப் பிறகு 1991-ல் குவைத் புது வரிசை நோட்டை வெளியிட்டு, கொள்ளை போன வரிசை எண்களைச் செல்லாது என்று அறிவித்தது. அந்தக் காலத்து தினார் இன்றும் பழைய நோட்டு வியாபாரிகளிடம் மலிவாகக் கிடைக்கிறது. அதை யாராவது செல்லும் தினார் என்று சொல்லி விற்க வந்தால் வாங்கி ஏமாறாதீர்கள்.

சிங்கப்பூர் ஐம்பது டாலருக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். 1967-லிருந்து வந்த ஆர்கிட் பூ, பறவை, கப்பல், அதிபர் படம் என எல்லா வரிசையும் சிங்கப்பூரில் இன்றும் சட்டப்படி செல்லும் பணம். உங்களிடம் இருப்பது கப்பல் வரிசை. தூத்துக்குடிக் கடையில் வாங்காததற்குக் காரணம் அவர்கள் அதைப் பார்த்துப் பழகாததுதான். சிங்கப்பூர் போகும் ஒருவரிடம் கொடுத்தால் அங்கே வங்கியில் போட்டுவிடலாம். சின்னத் தலை போட்ட பழைய அமெரிக்க டாலரும் அப்படித்தான். 1861-லிருந்து அமெரிக்க அரசு வெளியிட்ட எந்த நோட்டையும் செல்லாது என்று அறிவித்ததில்லை. இங்கே கடையில் மறுத்தால், அல்லது பழசு என்று விலையைக் குறைத்தால், அங்கே இருக்கும் சொந்தக்காரர் கையில் கொடுத்து வங்கியில் கட்டச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்தில் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போன குடும்பங்களில் இன்னொரு வகை உண்டு. வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு. அது ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்தபோது அச்சடித்தது. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் ஒரு காசுக்குக்கூட மாற்றித்தரவில்லை, கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் காகிதம்தான் மிஞ்சியது. பர்மாவில் 1964-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். அங்கிருந்து நம் ஆட்கள் கப்பலேறித் திரும்பிய காலம் அது. 1987-ல் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகளை எந்த ஈடும் இல்லாமல் ஒழித்தார்கள். இலங்கையில் 1970-ல் நிதி அமைச்சர் என். எம். பெரேரா காலத்தில் ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். இவை எதையும் இனி மாற்ற முடியாது. பழைய நோட்டு சேகரிப்பவர்கள் கொஞ்சம் விலை கொடுப்பார்கள், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, கையில் இருப்பதை எப்படி அனுப்புவது? தபாலில் சாதாரணக் கவருக்குள் வைத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். கூரியர்காரர்கள் பணத்தாளை எடுப்பதில்லை. ஆவணம் என்று பொய்யாக எழுதி உள்ளே வைத்து அனுப்பித் தொலைந்துபோனால், யாரிடமும் போய்க் கேட்க முடியாது. நம்பிக்கையான ஒருவர் போகும்போது கையில் கொடுத்து அனுப்புவதுதான் சரி. இந்தியாவில் வசிப்பவர் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டைக் கையில் வைத்திருக்க நம் விதி இடம் கொடுக்கிறது. உங்களுடைய மொத்தமும் அதில் கால்பங்கு வரும், பயப்பட ஒன்றும் இல்லை. மாற்றி வரும் பணத்தை அவர் வங்கி வழியாகவே உங்களுக்கு அனுப்பட்டும்.

கொடுத்து அனுப்பும் முன் ஒவ்வொரு நோட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி, வாங்கிக்கொள்பவர் கையெழுத்தும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் ஆனாலும் இது இருவருக்குமே நிம்மதி. நோட்டில் சுருக்கம் இருக்கிறது என்று இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கடல்காற்றில் இத்தனை வருஷம் இருந்த காகிதம் நைந்திருக்கும். கிழிந்திருந்தாலும் பாதிக்கு மேல் இருந்தால் புண்டஸ்பாங்க் மாதிரி வங்கிகள் வாங்கிக்கொள்ளும், நாம் கைவைத்துக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

அப்பாவுடைய சி.டி.சி. புத்தகம், கப்பல்காரர்கள் வைத்திருக்கும் அந்தப் பணிப்பதிவேடு, பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்தக் கப்பலில் எந்த வருஷம் ஏறினார், எங்கே இறங்கினார் என்று அதில் முத்திரையோடு இருக்கும். இந்த நோட்டு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு மத்திய வங்கி கேட்டால், அதைவிட நல்ல பதில் கிடையாது. அதன் நகலையும் இறப்புச் சான்றிதழ் நகலையும் நோட்டோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

நடுவில் இரண்டு வகை ஆட்கள் குறுக்கே வருவார்கள். வெளிநாட்டு மிச்சப் பணத்தை வாங்கும் வியாபார நிறுவனங்கள் ஒரு வகை. அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு, ஆனால் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். மத்திய வங்கி முழுசாகத் தரும்போது அவர்களிடம் போவது வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான். இன்னொரு வகை, ரிசர்வ் வங்கி பழைய நோட்டும் காசும் வாங்குகிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று போனில் கூப்பிடுபவர்கள். ரிசர்வ் வங்கி அப்படி எதையும் வாங்குவதில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை என்று 2021-ல் அவர்களே அறிக்கை விட்டார்கள். வெளிநாட்டு நோட்டுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் சம்பந்தமே கிடையாது. ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு இந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஆக உங்களுக்கு இப்போது வேலை: சிங்கப்பூருக்கு ஒருவர், பிரிட்டனுக்கு ஒருவர், ஜெர்மனிக்கு ஒருவர், நெதர்லாந்துக்கு ஒருவர் என்று சொந்தத்திலும் தெருவிலும் விசாரிக்க வேண்டும். தூத்துக்குடியில் கப்பல்காரர் வீடு இல்லாத தெரு குறைவு. அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளில் யாராவது ராட்டர்டாமுக்கும் ஹாம்பர்க்குக்கும் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கு முன்னால் அந்த ஆயிரம் ஷில்லிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, யார் முகம், எந்த ஆண்டு என்று பார்த்துச் சொல்லுங்கள். லாண்ட்ஸ்டைனர் என்றால் வியன்னாவுக்கும் ஒரு ஆள் தேட வேண்டியிருக்கும்.